தக்கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தப்பா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். வயது 61. திருவையாறு அருகே, குடமுருட்டி ஆற்றங்கரையில் எங்கள் ஊர். ஓய்வுபெற்ற புதிதில் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. தியானம் செய்யச் சொன்னார்கள். கண்ணை மூடினால் மனம் நாலாபுறமும் ஓடியது. ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பையனின் மூங்கில் தூண்டிலை வாங்கிக்கொண்டு மதகடியில் போய் உட்கார்ந்தேன். அன்றைக்குக் கிடைத்த நிம்மதியை விளக்கத் தெரியவில்லை. இப்போது தினமும் காலை ஆறரைக்குப் போனால் பத்தரைக்குத்தான் திரும்புகிறேன். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. பிடித்ததைத் தண்ணீரிலேயே விட்டுவிடுகிறேன். "தின்னாத மீனை எதற்குக் குத்த வேண்டும்? ஹெட்மாஸ்டராக இருந்தவர் ஆற்றங்கரையில் குந்தியிருப்பது அழகா?" என்று மனைவி கேட்கிறார்.

இன்னொன்று. ஒரு மணி நேரம் போனால் பழைய நினைவுகள் வருகின்றன. 25 ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவனை வகுப்பின் முன்னால் பிரம்பால் அடித்தேன். அதற்குப் பிறகு அவன் பள்ளிக்கே வரவில்லை. இப்போது டிராக்டர் ஓட்டுகிறான். கரை வழியாகப் போகும்போது "வணக்கம் சார்" என்று சொல்லிவிட்டுப் போகிறான். எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தீபாவளிக்கு வந்த மருமகன் விலை உயர்ந்த ரீல் தூண்டிலும் ரப்பர் தவளைகளும் வாங்கிக் கொடுத்து, ஒரு வாட்ஸ்அப் குழுவிலும் சேர்த்துவிட்டார். அதிலிருந்து விராலுக்கு அலைகிறேன்; பழைய நிம்மதி இல்லை. நான் செய்வது ஓய்வா, ஓடி ஒளிவதா? ஆற்றில் தண்ணீர் நின்றுவிட்டால் என்ன செய்வது?

பதில்:

ஐயா, தியானத்தில் பத்து நிமிடம் உட்கார முடியாத நீங்கள் தூண்டிலோடு நாலு மணி நேரம் உட்கார்ந்திருப்பதில் எனக்கு வியப்பில்லை. சும்மா இருப்பது சுகம் என்று சொல்லிவிடலாம். இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் திமோத்தி வில்சன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2014-ல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். கைப்பேசி, புத்தகம் எதுவும் இல்லாமல் ஆட்களை ஒரு வெற்று அறையில் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் சுரீரென்று ஷாக் அடிக்கும். முன்னதாக ஒரு முறை அந்த ஷாக்கை வாங்கிப் பார்த்து, 'இதைத் தவிர்க்கக் காசு வேண்டுமானாலும் கொடுப்பேன்' என்று சொன்னவர்கள்தான் அவர்கள். அப்படியும் 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் பொத்தானை அழுத்திவிட்டார்கள்! தன் மனத்தோடு தனியே இருப்பதற்கு ஷாக்கே மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. ஆகவே, தியானம் வரவில்லை என்பதை உங்கள் குறையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பயிற்சி இல்லாமல் வெறுமையில் உட்காருவது பெரும்பாலோருக்கு முடியாத காரியம்.

மனத்துக்கு ஒரு சிறு வேலை வேண்டியிருக்கிறது. கண்ணுக்கு ஒரு புள்ளி, கைக்கு ஒரு பிடி, அவ்வளவு போதும். தூண்டில் நரம்பில் கட்டி மிதக்கவிடும் தக்கை அதைத்தான் தருகிறது. புழுவைக் கோத்து, ஈயத்தைச் சரிசெய்து, நரம்பை வீசிவிட்டால் அதன் பிறகு நீங்கள் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து போகவும் முடியாது. தக்கை துடிக்கிறதா, சாய்கிறதா, நீரோட்டத்தில் சும்மா ஆடுகிறதா என்று கவனத்தின் ஒரு நுனி அதில் கட்டப்பட்டிருக்கிறது. மீதி மனம் அவிழ்த்துவிட்ட மாடாக அக்கம்பக்கத்தில் மேய்கிறது. நீங்கள் விளக்கத் தெரியவில்லை என்று எழுதிய நிம்மதி இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் தம்பதியர் இதைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்தார்கள். நாமாக வலிந்து செலுத்தும் கவனம் ஒன்று உண்டு. விடைத்தாள் திருத்துவது, கணக்குப் பார்ப்பது, நாற்பது பிள்ளைகளில் யார் பேசுகிறான் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அந்தக் கவனத்தில் நடக்கும் காரியங்கள். அது களைத்துப்போகும். களைத்தால் எரிச்சல் வரும், தவறுகள் வரும். ஓடும் தண்ணீரும் அசையும் நாணலும் வேறு விதமாக நம்மை இழுக்கின்றன. முயற்சி எதுவும் கேட்பதில்லை. அந்த நேரத்தில் களைத்த கவனம் தன்னைச் சரிசெய்துகொள்கிறது என்பது அவர்களுடைய கருத்து. தொலைக்காட்சியும் முயற்சி இல்லாமல்தானே இழுக்கிறது என்று கேட்பீர்கள். இழுக்கிறது, ஆனால் மனத்தில் வேறு எதற்கும் இடம் வைக்காமல் இழுக்கிறது. ஆற்றங்கரை இடம் விட்டு இழுக்கிறது. பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்தவருக்கு இந்த ஓய்வு எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் உங்கள் மருமகன் வருகிறார். நல்ல எண்ணத்தோடு வந்திருக்கிறார், பாவம். ரப்பர் தவளையை வீசி விரால் பிடிப்பது அருமையான விளையாட்டு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீங்கள் மதகடியில் செய்துகொண்டிருந்தது வேறு காரியம். பெயர் மட்டும்தான் ஒன்று. தவளையை ஆகாயத்தாமரை ஓரமாக வீச வேண்டும், தத்தித் தத்தி வருவதுபோல ரீலைச் சுற்ற வேண்டும், உடனே மறுபடி வீச வேண்டும், அந்த இடத்தில் அடிக்கவில்லை என்றால் நடந்து இன்னொரு இடத்துக்குப் போக வேண்டும். கண் முழுவதும் தேடலில் இருக்கும். அடுத்த வீச்சில் அடிக்கலாம், அடிக்காமலும் போகலாம். எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காகப் புறாக்கள் விடாமல் கொத்திக்கொண்டே இருப்பதை ஸ்கின்னர் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார். லாட்டரிச் சீட்டு வாங்குகிறவரை மறுபடியும் வாங்கவைப்பதும் அதே எதிர்பார்ப்புதான். தக்கைத் தூண்டிலிலும் இந்த எதிர்பார்ப்பு இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே நீங்கள் காத்திருக்கிறீர்கள், இங்கே துரத்துகிறீர்கள். போதாததற்கு வாட்ஸ்அப்பில் யாரோ மூன்று கிலோ விராலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். காலை ஏழு மணிக்கு அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்புகிறவருக்கு நிம்மதி எங்கிருந்து வரும்?

விரால் பிடிப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். செந்நிறக் குஞ்சுகள் திரளாக மேலே வந்து மூச்சு வாங்கும்போது, அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கும். அந்த இடத்தில் தவளை விழுந்தால் பசிக்காக அல்ல, குஞ்சுகளைக் காக்கத்தான் கடிக்கும். அந்த நேரத்தில் பிடிப்பதை நல்ல தூண்டில்காரர்கள் தவிர்க்கிறார்கள்.

என் யோசனை: குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிடுங்கள். ரீல் தூண்டிலை மருமகனுக்காக வீட்டில் வைத்திருங்கள். பொங்கலுக்கு வரும்போது அவரோடு ஒரு நாள் போய்வாருங்கள். மற்ற நாட்களுக்கு மூங்கில் போதும். கூடுதலாக ஒரு காரணமும் இருக்கிறது. இப்போது வரும் விலை உயர்ந்த கழிகள் பெரும்பாலும் கார்பன் இழையால் ஆனவை. கார்பன் மின்சாரத்தைக் கடத்தும். இடி மின்னல் நேரத்திலும், தாழ்ந்து போகும் மின்கம்பிகளின் அடியிலும் அதைத் தூக்கிப் பிடிப்பது ஆபத்து. மூங்கிலானாலும் இடி இடித்தால் கரையில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

அந்த மாணவரின் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இதுதான் கனமான பகுதி. நீங்கள் அதை நடுவில் நாலு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்.

மனம் அடங்கினால் நினைவுகளும் அடங்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். நடப்பது நேர்மாறு. பள்ளி, ஆய்வு, தேர்வு, சம்பளப் பட்டியல் என்று ஓடிய காலத்தில் இந்த நினைவு வந்து உட்கார இடமே கிடைத்திருக்காது. இப்போது இடம் கிடைத்திருக்கிறது, வந்திருக்கிறது. தூண்டில் உங்களைக் கைவிட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அது தன் வேலையைத்தான் செய்திருக்கிறது.

ஆனால் நினைவு வருவதில் இரண்டு விதம் உண்டு. ஒன்றை அசைபோடுதல் என்று வைத்துக்கொள்வோம்: 'நான் ஏன் அப்படிச் செய்தேன், நான் மோசமானவன்' என்று ஒரே வாக்கியம் நாள் முழுவதும் சுற்றும். நேற்று சுற்றியதற்கும் இன்று சுற்றுவதற்கும் வேறுபாடு இருக்காது. சூசன் நோலன்-ஹோக்சிமா என்ற உளவியலாளர் தம் ஆய்வுக் காலத்தின் பெரும்பகுதியை இதற்கே செலவிட்டார். இந்த அசைபோடும் பழக்கம் மனச்சோர்வை நீட்டிக்கிறது என்று கண்டார். மற்றது சிந்தனை. அதில் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏதாவது தெரியவரும். அன்றைக்கு அந்தப் பையன் செய்த தவறுக்கு என்ன காரணமாக இருந்திருக்கும், அன்று காலை உங்களுக்கு என்ன நடந்திருந்தது, அடுத்த நாள் அவன் வராதபோது யாரையாவது அனுப்பி விசாரித்தீர்களா, அவனுடைய அம்மா என்ன நினைத்திருப்பார் என்று காட்சி விரியும். கடைசியில் 'இனி என்ன செய்யலாம்' என்பதில் போய் நிற்கும். அடுத்த முறை அந்த நினைவு வரும்போது, புதிதாக ஒரு விவரமாவது கிடைத்ததா என்று மட்டும் பாருங்கள். கிடைத்தால் அதோடு இருங்கள். கிடைக்காமல் பழைய வாக்கியமே சுற்றினால் கழியை வைத்துவிட்டு எழுந்து கரையோரமாக நடந்துவிட்டு வாருங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 38 பேரை வைத்துச் செய்த ஒரு சிறிய ஆய்வு 2015-ல் வெளியானது. மரமும் புல்லுமான இடத்தில் 90 நிமிடம் நடந்தவர்களுக்கு இந்த அசைபோடுதல் குறைந்திருந்தது. வாகனங்கள் பாயும் சாலையோரம் நடந்தவர்களுக்குக் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனால் என்னிடம் வருகிறவர்கள் சொல்வதும் இதற்கு ஒத்துப்போகிறது.

நீங்கள் கேட்காததையும் சொல்கிறேன். அந்த மனிதரோடு பேசுங்கள். முதல் நாளே மன்னிப்பைக் கொண்டுபோய் நீட்ட வேண்டாம். டிராக்டர் யாருடையது, சம்பா அறுவடைக்கு ஓட்டம் எப்படி, பிள்ளைகள் எந்த வகுப்பு என்று நாலு நாள் மனிதரோடு மனிதராகப் பேசுங்கள். பேச்சு தோதாக வரும் ஒரு நாளில், "அன்றைக்கு உன்னை அடித்தது என் தவறு. அதை நான் மறக்கவில்லை" என்று சொல்லலாம். அதோடு நிறுத்திவிட வேண்டும். 'அந்தக் காலத்தில் எல்லா வாத்தியாரும் அடித்தார்கள்' என்ற வால் வேண்டாம். 'நீ மன்னித்துவிட்டாயா' என்ற கேள்வியும் வேண்டாம். கேட்டால் 25 வருடம் நீங்கள் சுமந்ததை அவர் தலையில் இறக்கிவைத்து, பதிலும் சொல்லச் சொல்கிறீர்கள் என்றாகிவிடும். அவர் சிரித்துவிட்டுப் போகலாம், கோபப்படலாம், தனக்கு நினைவே இல்லை என்றும் சொல்லலாம். எது நடந்தாலும் அது அவருடைய உரிமை. அவர் உங்களுக்கு வணக்கம் சொல்வது பழைய பயத்தாலா, மரியாதையாலா, வெறும் பழக்கத்தாலா என்று கரையில் உட்கார்ந்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது. இதைச் சொல்ல உங்களால் முடிந்தால், நீங்கள் ஓடி ஒளியவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

மீன்கள். உங்கள் மனைவியின் கேள்வி நியாயமானது, அதை நீங்கள் பாவ புண்ணியக் கணக்கில் தள்ளிவிட வேண்டாம். மீனுக்கு வலிக்காது என்று முன்பு சாதாரணமாகச் சொல்வார்கள். லின் ஸ்னெடனும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003-ல் டிரௌட் மீனின் தலைப்பகுதியில் வலி தரும் தூண்டல்களை உணரும் நரம்புகள் இருப்பதைக் காட்டினார்கள். மீன் அதை எவ்வாறு அனுபவிக்கிறது என்பதில் வாதம் இன்னும் நடக்கிறது, ஆனால் 'ஒன்றும் தெரியாது' என்று இனிச் சொல்வதற்கில்லை. விட்டுவிடும் எண்ணத்தோடே மீன் பிடிப்பதை சுவிட்சர்லாந்தில் சட்டமே தடுக்கிறது. பிடித்தால் சாப்பிடு, இல்லையென்றால் பிடிக்காதே என்பது அங்கே நிலை. நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். ஆனால் தூண்டில் முள்ளின் முனைக்குப் பின்னால் இருக்கும் எதிர்முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால், மீனின் வாயைக் கிழிக்காமல் கழற்றலாம். மீனைத் தொடுவதற்கு முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். வறண்ட கை பட்டால் அதன் உடல் மேல் இருக்கும் வழுவழுப்பான பூச்சு போய்விடும், நோய் தொற்றும். பிடித்ததைச் சாப்பிடுகிறவர்கள் கரையிலேயே இருப்பார்கள், அவர்களிடம் கொடுப்பதும் ஒரு வழி.

இன்னொரு வழியும் உண்டு, சிரிக்காதீர்கள். சீனாவில் ஜியாங் தைகோங் என்ற முதியவரைப் பற்றி ஒரு பழங்கதை இருக்கிறது. அவர் வளைவே இல்லாத நேரான ஊசியை நரம்பில் கட்டிக்கொண்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பாராம். மீனுக்காக அல்ல, தன்னைத் தேடி வரப்போகும் அரசனுக்காக. உங்களுக்கு அரசன் வேண்டியதில்லை, ஆனால் முள்ளைக் கழற்றிவிட்டு ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பாருங்கள். நிம்மதி அப்படியே இருந்தால் மனைவியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். இல்லையென்றால், மீன் கடிக்கும் அந்த நொடியும் உங்களுக்குத் தேவைப்படுகிறது என்று தெரிந்துகொள்வீர்கள். அதுவும் தெரிய வேண்டியதுதான்.

தண்ணீர் நின்ற பிறகு? உங்கள் பக்கத்து நிலவரம் என்னைவிட உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்: வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் திறப்பு, ஜனவரி 28-ல் அடைப்பு. இடைப்பட்ட கோடையில் மடுக்களில் மட்டும் தண்ணீர் கிடக்கும். அங்கே தேடிப் போய் ஆற்றின் நடுவில் இறங்காதீர்கள்; மணல் அள்ளிய பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ஊர்க் குளங்களில் மீன்பாசி, அதாவது மீன் பிடிக்கும் உரிமை, குத்தகை எடுத்தவர் இருப்பார். அவரைக் கேட்காமல் தூண்டில் போட்டால் வீண் வம்பு வரும், ஹெட்மாஸ்டருக்கு அது அழகில்லை. அந்த நாலு மாதமும் தூண்டிலை ஏறக்கட்டிவிடலாம் என்பது என் எண்ணம். வற்றும் மடுவில் மீன்கள் நெருங்க நெருங்கக் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் மீன்கொத்தியும் கூடும். கண்ணுக்கு வேலை தேவை என்றால் அது போதும். ஒரு பைனாகுலரும் கோடுபோட்ட நோட்டும் இருந்தால், பாடத்திட்டம் போட்டுப் பழகிய உங்களுக்கு அதில் தனி ருசியே பிறக்கலாம். பட்டியல் நீளமாக வேண்டும் என்று துரத்த ஆரம்பித்தால் மட்டும் விரால் கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஆற்றங்கரையிலும் மனம் ஒட்டாமல் போவது, விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து தூக்கம் திரும்பாமல் இருப்பது, சாப்பாடு இறங்காமல் போவது, எதிலும் விருப்பமில்லாமை ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் தூண்டிலை நம்பி இருக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு முறை தலைகாட்டினாலும் இரண்டு வாரம் பொறுக்க வேண்டாம். மத்திய அரசின் டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. பொதுவாகச் சொல்லிவைக்கிறேன்.

கடைசியாக உங்கள் மனைவி. "அழகா?" என்று அவர் கேட்டதை நீங்கள் ஊர் என்ன சொல்லும் என்ற கவலையாக எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். பழைய மாணவர்கள் பார்த்தால் பார்க்கட்டும். வாத்தியாரும் மனிதர்தான் என்று தெரிந்துகொள்வார்கள். ஆனால் எனக்கு அந்தக் கேள்வியில் வேறொன்று கேட்கிறது. இத்தனை வருடம் பள்ளிக்கு என்று போனவர், ஓய்வுக்குப் பிறகாவது வீட்டில் இருப்பார் என்று அவர் நினைத்திருக்கலாம். இப்போது பள்ளிக்குப் பதில் மதகு. உங்களுக்கு அரசு ஓய்வு கொடுத்தது, அவருக்கு யாரும் கொடுக்கவில்லை. காலை ஆறரையிலிருந்து பத்தரை வரை நீங்கள் கரையில் நிம்மதியாக இருக்கும் நேரம், அவர் காபி, டிபன், பாத்திரம், சமையல் என்று நிற்கும் நேரம்.

நிம்மதிக்கு அத்தனை மணி நேரம் தேவையும் இல்லை. இங்கிலாந்தில் சுமார் 20 ஆயிரம் பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து 2019-ல் ஓர் ஆய்வு வெளியானது. வாரத்துக்கு மொத்தம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள், அப்படிக் கழிக்காதவர்களைவிடத் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். ஒரே மூச்சில் கழித்தாலும் பிரித்துப் பிரித்துக் கழித்தாலும் வேறுபாடு தெரியவில்லை. அது காரணமா, நலமாக இருப்பவர்கள்தான் வெளியே போகிறார்களா என்று அந்த ஆய்வு முடிவாகச் சொல்லிவிடாது. ஆனாலும் நீங்கள் வாரத்துக்கு 28 மணி நேரம் போகிறீர்கள்! தினமும் இரண்டு மணி நேரமாகக் குறைத்தாலும் உங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. அவரையும் கரைக்கு அழைத்துப் போகலாமே என்று யோசிப்பீர்கள். கேட்டுப் பாருங்கள், வந்தால் நல்லது; ஆனால் அவருக்கு வேண்டியது ஆற்றங்கரையாக இல்லாமல் போகலாம். கோயிலோ, தங்கை வீடோ, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரத் தூக்கமோ, அது என்ன என்று அவரிடமே கேளுங்கள். வாரத்தில் மூன்று காலைகளை அவருக்கு ஒதுக்குங்கள். அந்த நாட்களில் அடுப்படி உங்கள் பொறுப்பு.